ஷின் பெயின்தானேனு ஓடிக்கிட்டே இருக்கீங்களா? ராணுவ வேலைக்குத் தயாராகுற ராமநாதபுரம் இளைஞர்களின் காலுக்கு ஒரு கையேடு

அதிகாலை நாலரை, அஞ்சு மணிக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல ஒரு சுத்து வந்து பாருங்க. சீதக்காதி சேதுபதி மைதானம், உச்சிப்புளி பக்கம் ரோட்டோரம், அரியமான் கடற்கரை மணல்னு எங்கேயாவது நாலு பேர் ஓடிக்கிட்டு இருப்பாங்க. அக்னிவீர், கடலோரக் காவல்படை, கடற்படை, தமிழ்நாடு போலீஸ்னு ஆளுக்கொரு இலக்கு. மண்டபத்துல கடலோரக் காவல்படை நிலையம், உச்சிப்புளியில 2009-ல தொடங்கின ஐ.என்.எஸ் பருந்து கடற்படை விமானத் தளம்னு யூனிஃபார்மைப் பார்த்தே வளர்ற கரை இது. அந்த ஆசை இங்க சகஜம்.

அதே அளவுக்கு சகஜமான இன்னொரு விஷயம், ஷின் பெயின். ஓட ஆரம்பிச்ச மூணாவது, நாலாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்புல வலி வரும். கூட ஓடுறவங்க, "எல்லாருக்கும் வர்றதுதான் மாப்ள, ஓட ஓட சரியாயிடும்"னு சொல்வாங்க. பாதி பேருக்கு ரெண்டு வாரம் ஓட்டத்தைக் குறைச்சா சரியாகிடும். மீதி பேர்ல சிலருக்கு அந்த வலிக்குப் பின்னாடி எலும்புல மெல்லிய விரிசல் இருக்கும். அதோடவே ஓடினா, ரேலிக்கு முந்தின வாரம் நடக்கவே முடியாமப் போகலாம். வயசு வரம்பு குறுகலா இருக்குற இந்த வேலைகள்ல ஒரு வருஷம் தவறுறது சின்ன இழப்பு இல்லை.

அதனால, வலி எதனால வருது, பூட் எப்படித் தேர்வு பண்றது, எப்போ ஓட்டத்தை நிறுத்தணும்னு வரிசையா பார்ப்போம்.

கால் ஏன் பாதியில மக்கர் பண்ணுது?

அக்னிவீர் உடல்தகுதித் தேர்வுல 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள்ள ஓடினா முழு 60 மதிப்பெண். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். தூரம் பெருசு இல்லை, வேகம்தான் கஷ்டம். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்குது.

அக்னிவீர் தேர்வுல 2023-ல இருந்து முதல்ல ஆன்லைன் எழுத்துத் தேர்வு, அதுல பாஸானவங்களுக்குத்தான் ரேலி. அதனால நிறைய பேர் மாசக்கணக்கா புத்தகமும் கையுமா உட்கார்ந்து படிச்சுட்டு, ரிசல்ட் வந்த அடுத்த நாளே ஓட ஆரம்பிக்கிறாங்க. முதல் நாள் 2 கிலோமீட்டர், ஒரு வாரத்துல 5, அடுத்த வாரம் 8. காலை, மாலை ரெண்டு வேளை. லீவே கிடையாது.

நுரையீரலும் இதயமும் இந்த வேகத்துக்கு சீக்கிரமே ஈடுகொடுத்திடும். ரெண்டு, மூணு வாரத்துல மூச்சு வாங்குறது குறைஞ்சிடும். ஆனா, எலும்பு அப்படியில்லை. புதுசா பாரம் விழும்போது உடம்பு முதல்ல பழைய எலும்பைக் கொஞ்சம் கரைச்சு எடுக்கும். அப்புறம்தான் அந்த இடத்துல புதுசா, பலமா கட்டும். வீட்டுல பழைய பூச்சைச் சுரண்டிட்டுப் புதுப் பூச்சு பூசுற மாதிரி. சுரண்டி முடிச்சு பூசுறதுக்கு முன்னாடி இருக்கிற அந்தச் சில வாரங்கள்ல எலும்பு வழக்கத்தைவிட பலவீனமா இருக்கும். நமக்கு மூச்சு பழகி, "இப்போதான் ஸ்பீடு வருது"னு வேகத்தைக் கூட்டுறதும் சரியா அதே வாரங்கள்லதான். ஷின் பெயின் மூணாவது, நாலாவது வாரத்துல எட்டிப் பார்க்குறதுக்குக் காரணம் இதுதான்.

இது நேத்து வந்த பிரச்னை இல்லை

1855-ல பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிக்கிறதைப் பதிவு பண்ணினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்காத காலம் அது. அதனால காரணம் புரியலை. 1897-ல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தப்போதான், அது பாத எலும்புல விழுந்த விரிசல்னு தெரிஞ்சது. அடி எதுவும் படாம, நடந்து நடந்தே எலும்பு உடையுதுங்கிறதால `மார்ச் ஃபிராக்சர்'னு பேர் வந்துச்சு. இன்னைக்கு டாக்டர்கள் `ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்'னு சொல்றாங்க.

1985-ல வெளியான இஸ்ரேல் ராணுவ ஆய்வு ஒண்ணுல, பயிற்சிக்கு வந்த 295 வீரர்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. 31 சதவிகிதம் பேருக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் இருந்தது. ஏறக்குறைய மூணு பேர்ல ஒருத்தர். வலியைச் சொல்லாம மறைக்கிறவங்க எல்லா ராணுவத்துலயும் உண்டு. ஆனா, வலி வர்றது கோழைத்தனமோ, `உடம்பு வணங்காத'தனமோ இல்லைங்க. எலும்போட கணக்கு அது.

உங்க வலி எந்த வகை?

ஒரே இடத்துல வலிச்சாலும் காரணம் வேற வேறயா இருக்கலாம். கீழே இருக்கிறது டாக்டர்கிட்ட போகணுமான்னு முடிவு பண்றதுக்கு மட்டும்தான், நாமே வைத்தியம் பார்த்துக்கிறதுக்கு இல்லை.

* ஷின் பெயின்: டிபியான்னு சொல்ற முன்பக்க எலும்போட உள்ஓரத்துல, கீழ்ப்பாதியில, நீளவாக்குல பரவலா வலிக்கும். அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல இழுத்துக்கிட்டுப் போகும். ஓட ஆரம்பிக்கும்போது வலிச்சு, உடம்பு சூடானதும் குறையும், ஓடி முடிச்சதும் திரும்ப வரும்.

* ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்: ஒரு விரலை வெச்சு `இங்கேதான்'னு காட்டுற அளவுக்கு ஒரே புள்ளியில வலி. ஓட ஓட அதிகமாகும். போகப்போக நடந்தாலும் வலிக்கும், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கும். அந்தக் காலால மட்டும் குதிச்சா சுருக்குனு தைக்கும்.

* தசை இறுக்கம்: ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கீழ்க்கால் தசை கல்லு மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போகும். நின்னா கொஞ்ச நேரத்துல சரியாகிடும். திரும்பத் திரும்ப இப்படி வந்தா டாக்டரைப் பார்க்கணும். நின்ன பிறகும் இறுக்கம் குறையாம வலி ஏறிக்கிட்டே போனாலோ, பாதத்தைத் தூக்க முடியலைன்னாலோ அது அவசர சிகிச்சைக்கான விஷயம். காலைல பார்த்துக்கலாம்னு விடவே கூடாது.

* குதிகால் வலி: காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு அடியில குத்தினா, உள்ளங்கால் சவ்வு பாதிச்சிருக்கலாம். குதிகாலுக்குப் பின்னாடி, மேல்பக்கம் வலிச்சா ஆடுசதையைக் குதிகாலோட இணைக்கிற தசைநார்ல பிரச்னை. பூட் விறைப்பா இருந்தாலோ, மணல்ல ரொம்ப ஓடினாலோ இது வரும்.

பூட் என்ன செய்யும், என்ன செய்யாது?

"நல்ல பூட் வாங்கினா ஷின் பெயின் வராது"ங்கிறது பாதி உண்மை. இன்னொரு இஸ்ரேல் ஆய்வுல (1992) 390 வீரர்கள்ல ஒரு பகுதியினருக்கு ராணுவ பூட்டுக்குப் பதிலா கூடைப்பந்து ஷூ கொடுத்துப் பயிற்சி நடத்தினாங்க. ஷூ போட்டவங்களுக்குப் பாதத்துல வர்ற காயங்கள் குறைஞ்சது. ஆனா, டிபியாவுலயும் தொடை எலும்புலயும் வர்ற பிரச்னைகள் குறையலை.

அமெரிக்க ராணுவத்துல, பாதத்தோட வளைவைப் பார்த்து ஆளுக்கேத்த மாதிரி ஓட்ட ஷூ கொடுத்துப் பார்த்தாங்க. தட்டைப் பாதத்துக்கு ஒரு வகை, உயரமான வளைவுக்கு ஒரு வகை. எல்லாருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த குழுவோட ஒப்பிட்டா, காயத்துல பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போ எது பலன் கொடுத்தது? இஸ்ரேல் ராணுவம் 25 வருஷம் பல வழிகளை முயற்சி பண்ணி, கடைசியில ரெண்டு விஷயத்தைக் கண்டுபிடிச்சது. ஒண்ணு, பயிற்சியில நடக்கிற மொத்த தூரத்தைக் குறைச்சது. ரெண்டு, வீரர்களுக்குக் குறைஞ்சது 6 மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கினது. இதனால ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் 60 சதவிகிதத்துக்கும் மேல குறைஞ்சதுனு 2008-ல அறிக்கை கொடுத்தாங்க.

சுருக்கமா சொன்னா, பொருத்தமான பூட் பாதத்தைக் காப்பாத்தும். முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பைக் காப்பாத்துறது உங்க ஓட்ட அட்டவணையும் தூக்கமும்தான்.

இன்னொரு விஷயம். ரேலியில ஓடுறதுக்கு பூட் தேவையில்லை. ஸ்போர்ட்ஸ் ஷூவுல ஓடலாம், வெறுங்காலோடவே ஓடுறவங்களும் உண்டு. "இப்பவே மிலிட்டரி பூட்ல ஓடிப் பழகினா செலக்‌ஷன்ல பறக்கலாம்"னு கடையில மலிவா கிடைக்கிற பூட்டை வாங்கி ஓடாதீங்க. காலில் இருக்கிற ஒரு கிலோ எடை, முதுகில் சுமக்கிற 4 முதல் 6 கிலோவுக்குச் சமமான சக்தியை எடுத்துக்கும்னு ஆய்வுகள் சொல்லுது. தேர்வானதும் பயிற்சி மையத்துல பூட் கொடுப்பாங்க, அங்கே படிப்படியா பழக்குவாங்க.

நம்ம பாதமும் கடை சைஸும்

நம்ம ஊர்ல பள்ளிக்கூட ஷூவைத் தவிர, மத்த நேரமெல்லாம் செருப்பு அல்லது வெறுங்கால்தான். வலை இழுக்குறது, கபடி, கடற்கரை வாலிபால்னு எல்லாமே வெறுங்கால்ல. இப்படி வளர்ற பாதத்துல விரல் பக்கம் நல்லா விரிஞ்சிருக்கும். வெறுங்காலோட நடக்கிற இந்தியர்களை பெல்ஜியம் ஆய்வாளர்கள் 2009-ல அளந்து பார்த்தப்போ, ஷூ போட்டு வளர்ந்தவங்களைவிட அவங்க பாதம் அகலமா இருந்தது.

இதுல ஒரு நல்லதும் இருக்கு. 2,300 குழந்தைகளைப் பரிசோதிச்ச இந்திய மருத்துவர்கள் 1992-ல வெளியிட்ட ஆய்வுப்படி, ஷூ போடுற குழந்தைகள்ல 8.6 சதவிகிதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்கால் குழந்தைகள்ல அது 2.8 சதவிகிதம்தான். தட்டைப் பாதம் ராணுவ மருத்துவப் பரிசோதனையில கவனிக்கப்படுற விஷயம். ஆனா, குதிகாலைத் தூக்கி விரல்ல நிற்கும்போது பாத வளைவு திரும்பி வந்து, பாதம் நல்லா வளைஞ்சுகொடுத்து, வலி இல்லாம ஓட முடிஞ்சா ஏத்துக்குவாங்க. அதனால ஈரக்கால் தடத்தைப் பார்த்துட்டு நீங்களே `எனக்குக் கிடைக்காது'னு முடிவு பண்ணிடாதீங்க.

சிக்கல் எங்கேன்னா, கடை சைஸ்ல. நாம சொல்ற 7, 8, 9 எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ் அளவு. சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பாதத்தை முப்பரிமாண ஸ்கேனர்ல அளந்தது. இந்தியர்களோட பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம்னு அதுல தெரியவந்துச்சு. அதை வெச்சுதான் `பா'ங்கிற இந்திய அளவு முறையைப் பரிந்துரைச்சிருக்காங்க.

அதுவரைக்கும் நாம என்ன செய்றோம்? முன்னாடி இறுக்கினா ஒரு சைஸ் பெருசா வாங்குறோம். இங்கிலீஷ் அளவுல ஒரு சைஸ் ஏறினா நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும், அகலம் கொஞ்சம்தான் கூடும். விளைவு, விரல் பக்கம் இன்னும் லேசா நெரிக்கும், குதிகால் தளதளன்னு ஆடும். முன்னாடி கால் ஆணி, பின்னாடி கொப்புளம்னு ரெண்டும் வரும். நீளத்தைக் கூட்டுறதுக்குப் பதிலா, முன்பக்கம் அகலமா, உருண்டையா இருக்கிற மாடலைத் தேடுங்க.

வீட்டுலயே அளவெடுக்கலாம்

1912-ல அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்வர்ட் மன்சன் சிப்பாயின் பாதத்தைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். அவர் இருந்த குழு 2,000-க்கும் மேற்பட்ட வீரர்களோட பாதங்களைப் பார்த்துட்டு ஒரு எளிய விதியைக் கொண்டுவந்துச்சு. வீரர் முதுகில் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ சுமையோட நிற்கணும், மொத்த எடையையும் ஒரே பாதத்துல போடணும், அப்போதான் அளவெடுக்கணும். காரணம், சுமை ஏறினா பாதம் நீளவும் செய்யும், அகலவும் செய்யும். உட்கார்ந்துக்கிட்டு அளவெடுத்தா நிச்சயம் சின்ன சைஸ்தான் கிடைக்கும்.

இதையே நாம இப்படிச் செய்யலாம்:

1. சாயங்காலம் அளவெடுங்க. நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் லேசா வீங்கியிருக்கும். ஓடும்போதும் அதே அளவுதான் வரும்.
2. ஓடும்போது போடுற சாக்ஸைப் போட்டுக்கங்க. புத்தகம் நிறைஞ்ச பையை முதுகில் மாட்டிக்கங்க.
3. சுவத்துல குதிகால் படுற மாதிரி, தரையில ஒரு பேப்பர் மேல நில்லுங்க. வேற ஒருத்தரை விட்டு நீளமான விரல் முடியுற இடத்தையும், பாதத்தோட அதிக அகலமான ரெண்டு பக்கத்தையும் குறிக்கச் சொல்லுங்க. நீங்களே குனிஞ்சா அளவு மாறிடும்.
4. ரெண்டு காலையும் அளங்க. பெரிய காலுக்குத்தான் பூட் வாங்கணும்.
5. கடையில பூட்டைப் போட்டு நின்னு பாருங்க. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்கணும். விரல்களை உள்ளே அசைக்க முடியணும். நடக்கும்போது குதிகால் மேலே எழும்பக் கூடாது.
6. பூட் பாதத்தோட விரல்கள் மடங்குற இடத்துலதான் வளையணும். நடுவுல வளைஞ்சா அது உங்க காலுக்கு இல்லை.

"போடப் போட லூஸாயிடும்"னு கடைக்காரர் சொன்னா, அகலத்துல கொஞ்சம் சரிதான். தோல் நெகிழும். ஆனா நீளம் ஒருபோதும் கூடாது. முன்னாடி விரல் இடிச்சா வாங்காதீங்க.

புது பூட், சாக்ஸ், லேஸ்

பயிற்சி மையத்துல புது பூட் கைக்கு வந்ததும் அதைப் பழக்குறது ஒரு வேலை. முதல் சில நாள் ஒரு மணி நேரம் அறைக்குள்ள போட்டு நடங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறம்தான் நீண்ட நடை. புது பூட்டோட முதல் நாளே 10 கிலோமீட்டர் போனா, கொப்புளம் வந்து நடை மாறும். நடை மாறினா பாரம் தப்பான இடத்துல விழும். சின்ன கொப்புளம்கூட முழங்கால் வலியில கொண்டுபோய் விடுறது இப்படித்தான்.

காட்டன் சாக்ஸ் வேர்வையைக் குடிச்சு ஈரமாவே இருக்கும். ஈரத்தோல் சீக்கிரம் உரியும். அமெரிக்க மரைன் படை வீரர்கள்கிட்ட நடந்த ஆய்வுல, உள்ளே மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ், வெளியே தடிமனான சாக்ஸ்னு ரெண்டு அடுக்கு போட்டவங்களுக்குக் கொப்புளம் குறைவா வந்துச்சு. இப்படிப் போடுறதா இருந்தா, பூட் வாங்கும்போதே ரெண்டு சாக்ஸோட அளவு பாருங்க.

லேஸை மேல வரைக்கும் ஒரே இறுக்கமா கட்டாதீங்க. பாதத்து மேல மிதமாவும், கணுக்கால் வளையுற இடத்துல கெட்டியாவும், அதுக்கு மேல கொஞ்சம் தளர்வாவும் கட்டினா கால் சுலபமா மடங்கும். பாதத்து மேல தடம் பதிஞ்சு சிவந்திருந்தா இறுக்கம் அதிகம்னு அர்த்தம்.

மணல், தார், உப்புத்தண்ணி

"பீச்ல ஓடினா கால் பலமாகும்"னு சொல்வாங்க. உண்மைதான், ஆனா அளவோட. இளகின மணல்ல ஓடுறதுக்குக் கெட்டித் தரையைவிட சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். எலும்புல விழுற அதிர்ச்சி குறையும், ஆனா குதிகால் மணல்ல புதையுறதால ஆடுசதையும் தசைநாரும் கூடுதலா இழுபடும். வாரத்துக்கு ஒரு நாள், 15, 20 நிமிஷம் போதும்.

அலை வந்து போற ஈர மணல் கெட்டியாத்தான் இருக்கும், ஆனா கடல் பக்கம் சரிஞ்சிருக்கும். ஒரே திசையில ஓடினா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல இருக்கும். போன வழியிலயே திரும்பி ஓடி சமப்படுத்துங்க. தனுஷ்கோடி சாலை மாதிரி தார் ரோட்டுல ஓடுறது சுகமா இருக்கும், ஆனா தரை கெட்டி, வண்டி வேற வரும். வாரத்துல பெரும்பாலான நாள் மைதானத்து மண் தரைதான் நல்லது. தேர்வு நடக்கிறதும் அந்த மாதிரித் தரையிலதான்.

ஷூ உப்புத்தண்ணியில நனைஞ்சா நல்ல தண்ணியில அலசி, இன்சோலைத் தனியா எடுத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணிச்சு நிழல்ல காயவையுங்க. தோல் பூட்டை வெயில்ல வெச்சா விறைச்சு வெடிச்சிடும். ஈரக்காலோட ஷூவுக்குள்ளேயே இருந்தா விரலிடுக்குல சேற்றுப்புண் வரும். முதல் உலகப் போர்ல பதுங்குகுழித் தண்ணியில நின்னே ஆயிரக்கணக்கான வீரர்களோட பாதம் அழுகினப்போ, பிரிட்டிஷ் ராணுவம் தினமும் காலைப் பரிசோதிக்கிறதையும் சாக்ஸ் மாத்துறதையும் உத்தரவாவே போட்டுச்சு. நாமளும் ஓடி முடிச்சதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைச்சு, ரெண்டு நிமிஷம் பார்த்துட்டாப் போதும்.

ஓட்டத்தை எப்படி ஏத்துறது?

* ரிசல்ட் வர்றதுக்குக் காத்திருக்காதீங்க. அப்ளிகேஷன் போட்ட அன்னைக்கே நடையும் மெது ஓட்டமும் கலந்து ஆரம்பிங்க. 20 நிமிஷம் போதும்.
* வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம். அதுல ஒரு நாள் மட்டும் வேகம். மத்த நாள் பேசிக்கிட்டே ஓடுற வேகம். ஒரு நாள் முழு ஓய்வு.
* வார மொத்த தூரத்தைப் பத்துல ஒரு பங்குக்கு மேல ஏத்தாம இருக்கிறது பயிற்சியாளர்கள் சொல்ற நல்ல வழக்கம். மூணு வாரம் ஏத்தினா, நாலாவது வாரம் குறைங்க. எலும்பு `பூசி' முடிக்க அந்த வாரம் உதவும்.
* தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்துல ஏத்தாதீங்க.
* குதிகாலைத் தூக்கி இறக்குற பயிற்சியை 15 தடவை வீதம் மூணு சுத்து, வாரத்துல மூணு நாள் செய்யுங்க. ஆடுசதை பலமா இருந்தா டிபியாவுக்குப் போற பாரம் குறையும்.
* கால் நீட்டி எட்டு வைக்காம, சின்னச் சின்ன எட்டா ஓடுங்க.
* ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடினதும் அடிப்பாகம் தளர்ந்திடும். மேல பளபளன்னு இருந்தாலும் மாத்திடுங்க.

சாப்பாடும் தூக்கமும்

அமெரிக்கக் கடற்படையில பயிற்சிக்கு வந்த 5,201 பெண்கள்கிட்ட நடந்த ஆய்வுல, கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்துக்கிட்ட குழுவுக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் 20 சதவிகிதம் குறைவா வந்துச்சு. அதுக்காக மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. நம்ம கரையில நெத்திலி, சாளைன்னு முள்ளோட சாப்பிடுற சின்ன மீனுக்குப் பஞ்சமே இல்லை. கேழ்வரகு, பால், தயிர், முருங்கைக்கீரை, எள்ளு சேர்த்துக்கங்க. எடை குறையணும்னு காலைச் சாப்பாட்டை விட்டுட்டு ஓடாதீங்க. எலும்பு கட்டத் தேவையான சத்தை வேற எங்கிருந்து எடுக்கும்?

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அடிப்படை ராணுவப் பயிற்சியில ஆண்களைவிடப் பெண்களுக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் அதிகம் வருது. பயிற்சி ஆரம்பிச்ச பிறகு மாதவிடாய் தள்ளிப்போறதோ, நின்னுபோறதோ `ஓடுறதால வர்றது'னு விட்டுடக் கூடாது. உடம்புக்குச் சாப்பாடு போதலைங்கிறதுக்கு அது அறிகுறி. எலும்பும் அதே நேரத்துல பலவீனமாகும். ஆண்களுக்கான மாடல்லயே சின்ன சைஸ் வாங்கினா குதிகால் பக்கம் பெரும்பாலும் லூஸா இருக்கும். குதிகாலை நல்லா பார்த்து வாங்குங்க.

நாலரைக்கு எழணும்னா ஒன்பதரைக்குப் படுங்க. ராத்திரி 12 மணி வரை ரீல்ஸ் பார்த்துட்டு நாலரைக்கு ஓடினா, எலும்பு கட்டுற நேரத்தைத்தான் திருடுறோம்.

வலி வந்துட்டா?

பரவலான வலியா இருந்தா ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிள், நீச்சல்னு மாத்திக்கங்க. துணியில சுத்தின ஐஸை 15 நிமிஷம் ஒத்தடம் கொடுக்கலாம். நடக்கும்போது வலி முழுசா போன பிறகு, பாதி தூரத்துல இருந்து திரும்ப ஆரம்பிங்க.

ஒரே புள்ளியில வலி, நடந்தாலும் வலி, ராத்திரி வலி, வீக்கம். இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்க. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதல் ரெண்டு, மூணு வாரத்துல விரிசல் எக்ஸ்ரேயில தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நார்மல்"னு வந்ததும் மறுநாள் ஓடக் கிளம்பிடாதீங்க. வலி தொடர்ந்தா எம்.ஆர்.ஐ தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விடுறது தசைக்கு இதமா இருக்கலாம், விரிசல் விழுந்த எலும்புக்கு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, ரேலி அன்னைக்கு வலி மாத்திரையோ ஊசியோ போட்டுக்கிட்டு ஓடுறது. மாத்திரை வலியைத்தான் மறைக்கும், விரிசலை ஒட்டாது. மெல்லிய கோடா இருந்தது அந்த அஞ்சரை நிமிஷ வேகத்துல முழுசா முறியலாம். விரிசல்னு முன்னாடியே தெரிஞ்சா பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்துல ஆறும். முறிஞ்சா மாசக்கணக்குல படுக்கணும், ஆபரேஷன்கூட தேவைப்படலாம். அப்படியே ஓடி செலக்ட் ஆனாலும், அடுத்து வர்ற பயிற்சி இதைவிடப் பல மடங்கு கடுமை. அங்கே அதே கால்தான் வேணும்.

அதனால மைதானத்துல யாராவது நொண்டிக்கிட்டே ஓடுறதைப் பார்த்தா, "ஓட ஓட சரியாயிடும்"னு சொல்லாதீங்க. "எந்த இடத்துல வலிக்குது, ஒரு விரலை வெச்சுக் காட்டு"ன்னு கேளுங்க. பதில் ஒரே புள்ளியா இருந்தா, அன்னைக்கு அவர் ஓட வேண்டிய இடம் மைதானம் இல்லை, ஆஸ்பத்திரி.